இல்லை என்னும் விடை: தரவுத்தள வினாக்களும் விதிகளும் – மன்னாரை முன்வைத்து ஒரு விளக்கம்

2011 ஆம் ஆண்டு ஜனவரியிலே, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்து சாட்சியம் கேட்டபோது, மன்னார் மறைமாவட்டம் எழுத்து மூலமான சமர்ப்பணம் ஒன்றை அதன்முன் வைத்தது. அக்காலத்தில் மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை அதிலே இரண்டு எண்களை அருகருகே நிறுத்தினார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்தோர் தொகை கச்சேரிக் கணக்கின்படி 429,059. 2009 யூலை 10 ஆம் திகதி வரையில் அங்கிருந்து அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் தொகை ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் கணக்கின்படி 282,380. இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு 146,679. கணக்கில் வராத இம்மக்களுக்கு நேர்ந்தது யாது என்பதே சமர்ப்பணம் எழுப்பிய வினா.

இவ்வெண் பின்னர் இருவகையாக வாசிக்கப்பட்டது. ஒரு சாரார் அதனை இறந்தோர் தொகையெனவே கொண்டனர். மற்றொரு சாரார் பொருந்தாத இரு கணக்குகளின் கழித்தல் என்று கூறி அதனை ஒதுக்கினர். சமர்ப்பணமோ இவ்விரண்டில் எதனையும் கூறவில்லை. ஒரு பதிவில் இருந்து மற்றொரு பதிவில் இல்லாதோர் உளர் என்பதையே அது கூறிற்று. "இல்லை" என்று ஒரு பதிவேடு சொல்லும்போது அச்சொல்லுக்குப் பொருள் யாது? அரசியல் அரங்கிலும் நீதிமன்றிலும் எழும் இவ்வினாவே கணனியியலிலும் கடந்த ஐம்பதாண்டுகளாக ஆழ்ந்து ஆராயப்பட்டு வந்துள்ளது. தருக்க விதிகளையும் உள்பொருளியலையும் துணைக்கொண்டு தரவுத்தள வினாக்களுக்கு விடை காணும் அத்துறையின் அடிப்படைகளை மன்னார் தரும் சான்றுகளைக் கொண்டு விளக்குவதே எமது நோக்கம்.

பதிவும் விதியும்

இன்று நாம் வழங்கும் தரவுத்தளத்தின் கோட்பாட்டு வடிவத்தை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் கொட் 1970 இல் வெளியிட்டார். அவரது கருத்து எளிமையானது. தரவுகள் அட்டவணைகளாக அமைகின்றன. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு கூற்று. கிராம அலுவலரின் குடும்பப் பதிவேட்டில் ஒரு வரி, "இன்னார் இன்ன வீட்டில் வாழ்கின்றார்" என்னும் கூற்றாகும். வினா எழுப்புவதென்பது இக்கூற்றுகளுள் வேண்டியவற்றைத் தேர்ந்தும் இணைத்தும் எடுப்பதாகும்.

ஆயின் எமக்கு வேண்டியவை யாவும் வரிகளாக எழுதப்பட்டிருப்பதில்லை. முசலிப் பகுதியிலே ஒரு காணியின் உறுதி பாட்டனார் பெயரில் இருக்கின்றது எனக் கொள்வோம். பாட்டனாருக்கு இன்னார் மகள் என்பது ஒரு பிறப்புப் பதிவிலும், அம்மகளுக்கு இன்னார் மகன் என்பது வேறோரூர்ப் பிறப்புப் பதிவிலும் உள. "இக்காணியில் இவ்விளைஞருக்கு உரிமை உண்டு" என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. எனினும் உண்டு என்று நாம் அறிவோம். அவ்வறிவைத் தருவது விதி. பெற்றோர் மூதாதையர், மூதாதையரின் பெற்றோரும் மூதாதையர். இவ்விரு வரிகளும் எத்தனை தலைமுறைக்கும் போதும். இரண்டாவது விதி தன்னையே மீள அழைப்பது இதன் சிறப்பு.

இவ்வாறு விதிகளை எழுதிக் கணனியைக் கொண்டே அனுமானம் செய்விக்கும் முயற்சி 1970களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1972 அளவில் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மரோவர் குழுவினர் புரோலொக் மொழியை ஆக்கினர். அதன் தருக்க அடிப்படையை எடின்பரோவில் ரொபர்ட் கொவால்ஸ்கி வகுத்தார். தரவுத்தளங்களுக்கென இம்மரபிலிருந்து சுருக்கி அமைக்கப்பட்ட விதிமொழி டேட்டாலொக் எனப்படும்.

உள்பொருளியல்

விதிகளுள் ஒரு வகை தனித்து நோக்கத்தக்கது. உலகிலுள்ள பொருள்கள் எவ்வெவ்வகையின, ஒரு வகை மற்றொன்றுள் அடங்குமா, இரண்டு வகைகள் ஒன்றையொன்று விலக்குமா, ஒரு வகைப் பொருளுக்கு எவ்வகைத் தொடர்பு கட்டாயம் என்பனவற்றைக் கூறும் விதிகள் அவை. இவற்றின் தொகுதியையே, மெய்யியலாரிடமிருந்து சொல்லைப் பெற்று, உள்பொருளியல் எனக் கணனியியலார் வழங்குகின்றனர்.

தமிழ் மரபுக்கு இது புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. நந்து அதிலே ஈரறிவுயிர். சங்கு நந்தின் வகை என்று ஒரு விதியையும், ஈரறிவுயிர் ஊற்றையும் சுவையையும் அறியும் என்று மற்றொரு விதியையும் எழுதிவிட்டால், மன்னார்க் கடலில் எடுத்த ஒவ்வொரு சங்குக்கும் "இது சுவையறியும்" என்று தனித்தனி எழுத வேண்டியதில்லை. வகையின் இயல்பு வகையுள் அடங்கியவற்றுக்கெல்லாம் செல்லும்.

இதே அமைப்பு சட்டங்களிலும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் நிறுவப்பட்டது. 2019 இல் அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று மன்னாரிலும் திறக்கப்பட்டது. அச்சட்டத்தின் பொருள்கோடல் பகுதியிலே "காணாமற்போன ஆள்" என்னும் வகையுள், வடக்குக் கிழக்கு மோதலின் தொடர்பில் காணாமற்போனோர், போர்க்களத்திற் காணாமற்போன படையினர், அரசியற் குழப்பங்களிற் காணாமற்போனோர், வலிந்து காணாமலாக்கப்பட்டோர் ஆகியோர் அடங்குவர். எனவே வலிந்து காணாமலாக்கப்பட்டோர் யாவரும் காணாமற்போனோர்; காணாமற்போனோர் யாவரும் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் அல்லர். "காணாமற்போனோர் யாவர்?" என்று வினவுவோருக்கு, அப்பெயரிட்ட அட்டவணையை மாத்திரம் காட்டும் தரவுத்தளம் குறைபட்ட விடையையே தரும். உள்பொருளியலை அறிந்த தரவுத்தளம் உட்பிரிவுகள் அனைத்தையும் தேடிச் சேர்க்கும். இவ்வகுப்பு இத்துறையின் மையமாகிய சிக்கலுக்கு எம்மை இட்டுச் செல்கின்றது.

இல்லாமையை அறிதல்

பதிவேட்டில் ஒரு கூற்று இல்லையெனின் அது பொய்யா, அன்றி அறியப்படாததா? கனடிய அறிஞர் றேமண்ட் றெய்ற்றர் 1978 இல் வெளியிட்ட ஆய்விலே இவ்வினாவைத் தெளிவுற வகுத்தார். பதிவில் இல்லாதது பொய் எனக் கொள்வதை மூடிய உலகக் கொள்கை என்றார். பதிவில் இல்லாதது அறியப்படாதது எனக் கொள்வது திறந்த உலகக் கொள்கை. பேருந்து நேர அட்டவணைக்கு முதலாவது பொருந்தும்: காலை ஒன்பது மணிக்கு மன்னாரிலிருந்து வண்டி குறிக்கப்படவில்லையெனின் வண்டி இல்லை. ஒரு நோயாளியின் ஏட்டிலே ஒவ்வாமை எதுவும் குறிக்கப்படவில்லை என்பதால் அவருக்கு ஒவ்வாமை இல்லையென்று மருந்தேற்றும் மருத்துவர் இரார். அங்கு இரண்டாவதே பொருந்தும்.

எப்பொழுது எதனைக் கொள்வது? இந்திய அளவையியல் இதற்கு ஒரு நிபந்தனையை முன்னரே வகுத்துள்ளது. மணிமேகலை கூறும் பத்து அளவைகளுள் அபாவம் ஒன்று. சைவசித்தாந்த நூல்களும் அதனைப் பேசும். இல்லாமையை எவ்வாறு அறிகின்றோம் என்பது அதன் பொருள். குமாரிலபட்டரின் மீமாஞ்சை மரபு இங்கு ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. குடம் காணப்படவில்லை என்பது மாத்திரம் குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. குடம் இருந்திருப்பின் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலை வேண்டும். வெளிச்சம் நிறைந்த அறையிலே காணாமை இன்மைக்குச் சான்று. இருண்ட அறையிலே அது சான்றன்று. மூடிய உலகக் கொள்கை செல்லுபடியாகும் எல்லையை இதனிலும் சுருங்கக் கூறல் அரிது.

மன்னார்க் கரையின் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டிக் கரையிலே பெரும் முத்துக்குளிப்புகள் நிகழ்ந்தன. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபுக் கரை ஆகிய இடங்களிலிருந்து முத்துக் குளிப்போர் வந்தனர். ஒவ்வொரு தோணியின் சிப்பிகளும் அரசின் வேலியடைப்புக்குள் இறக்கப்பட்டு மூன்று பங்காக்கப்பட்டன. இரண்டு பங்கு குடியேற்ற அரசுக்கு. ஒரு பங்கு குளித்தோருக்கு. அரசின் பங்கு மாலைதோறும் ஏலம் போயிற்று. வருமானம் சிப்பியிலே தங்கியிருந்தமையால் சிப்பிக் கணக்கு வெளிச்சம் நிறைந்த அறையாக வைக்கப்பட்டது. அக்கணக்கில் இல்லாத சிப்பி பெரும்பாலும் எடுக்கப்படாத சிப்பியே. ஆயின் ஒரு தொழிலாளியின் பெயர் அக்கணக்கில் இல்லையென்பதால் அவர் அவ்வாண்டு கடலில் இறங்கவில்லை என்று எவரும் முடிவு செய்யார். ஒரே பதிவேடு ஒரு பொருளுக்கு மூடியதாகவும் மற்றொன்றுக்குத் திறந்ததாகவும் இருக்கலாம். எதற்கு எது என்பதைத் தீர்மானித்தது பதிவேட்டை வைத்தோரின் நலனே.

அதே மரிச்சுக்கட்டி எமக்கு மற்றொரு பாடத்தையும் தருகின்றது. 1990 ஒக்டோபர் இறுதியிலே விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதல் முசலிக் கரையின் ஊர்கள் வரை ஓரிரு நாள்களில் வெறுமையாயின. மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்தைச் சேர்ந்தனர். அவர்களுடைய ஊர்களிலே காடு வளர்ந்தது. 2012 இலும் 2017 இலும் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி உள்ளிட்ட பகுதிகளின் நிலப்பரப்புகள் ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மீள வந்தோர் அது தம் மூதாதையர் காணி என்றனர். சுற்றாடல் அமைப்பினர் மீள்குடியேற்றத்துக்காகக் காடு அழிக்கப்பட்டது என்று வழக்கிட்டனர். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்மனுவை ஏற்றுத் தீர்ப்பளித்தது. காட்டைக் காப்பது மெய்யான தேவை. வழக்கின் நியாயங்களை இங்கு நாம் எடைபோடவில்லை. தருக்க நோக்கில் ஒன்றை மாத்திரம் சுட்டுவோம். இருபதாண்டுகளாக அந்நிலத்தில் வாழ்வோர் எவரும் பதிவில் இல்லை என்பது உண்மை. அந்நிலத்துக்கு உரியோர் எவரும் இல்லை என்பது அதிலிருந்து பிறவாது. விட்டுச் சென்றவரின் மௌனமும் வெளியேற்றப்பட்டவரின் மௌனமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஒரு விதியாக எழுதினாலன்றி எந்தத் தரவுத்தளமும் அதனைத் தானாக அறியாது. வாக்காளர் பதிவிலே அவ்வாறு ஒரு விதி எழுதப்பட்டது: 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், இடம்பெயர்ந்தோர் தம் சொந்த ஊரின் இடாப்பிலே பதிவு பெற வழி செய்தது.

உறுதி விடை

திறந்த உலகக் கொள்கையை ஏற்றால் விடை எதுவுமே கிட்டாது என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. பதிவிலுள்ள இடைவெளிகளை விதிகளுக்கு முரணாகாமல் நிரப்பக்கூடிய வழிகள் பலவாகும். ஒவ்வொரு வழியையும் ஒரு சாத்திய உலகம் எனலாம். எல்லாச் சாத்திய உலகங்களிலும் உண்மையாக நிற்கும் விடையே உறுதி விடை.

விளக்கத்துக்காக மூவரைக் கற்பனை செய்வோம். அ என்பவர் 2008 பட்டியலிலும் 2009 இல் வந்து சேர்ந்தோர் பட்டியலிலும் உளர். ஆ என்பவர் முதற் பட்டியலில் உளர். அவருடைய இறப்பு பதியப்பட்டுள்ளது. இ என்பவர் முதற் பட்டியலில் மாத்திரம் உளர். விதிகள் இரண்டு: ஒவ்வொருவரும் உயிருடனிருப்பவர் அல்லது இறந்தவர், எவரும் இரண்டுமாக இரார். இப்பொழுது வினவுவோம். இறந்தோர் யாவர்? ஆ மாத்திரமே உறுதி விடை. உயிருடன் வந்து சேர்ந்தோர் யாவர்? அ மாத்திரமே. இ இறந்தவரா? உறுதியில்லை. உயிருடன் உள்ளவரா? உறுதியில்லை. இ உயிருடன் இருக்கின்றார் அல்லது இறந்துவிட்டார் என்பது உறுதியா? ஆம், உறுதி. தனித்தனியே விடையில்லாத இரண்டு வினாக்கள் சேர்ந்தபோது உறுதி விடை பெறுகின்றன. "எவருடைய நிலை விளக்கப்பட வேண்டியுளது?" என்னும் வினாவுக்கு இ என்பதே விடை.

மன்னார் ஆயரின் எண்ணை இவ்வெளிச்சத்தில் நோக்குதல் தகும். அது இ போன்றோரைப் பற்றிய வினாவேயன்றி ஆ போன்றோரின் தொகையன்று. அத்துடன், இரு தொகைகளின் கழித்தல் இரு பட்டியல்களின் கழித்தலுக்கு ஈடாகாது. முதற் கணக்கில் ஒருவர் இருமுறை பதியப்பட்டிருப்பின் இடைவெளி மிகுந்து தோன்றும். முதற் கணக்கின் பின் பிறந்த குழந்தை இரண்டாம் கணக்கில் சேர்ந்திருப்பின் இடைவெளி குறைந்து தோன்றும். ஆகவே அவ்வெண் கூடவும் குறையவும் கூடியது. ஆயின் அதனை ஒதுக்குவதற்கு இது காரணமாகாது. தொகையை விட்டுப் பெயர்ப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும் என்பதற்கே இது காரணமாகும். எந்தப் பெயர் எந்தப் பட்டியலில் உண்டு, அப்பட்டியல் எதற்கு முழுமையானது என்று கேட்பதே முறை.

சட்டமும் இப்பாதையைச் சிறிது சிறிதாகக் கண்டடைந்தது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அதன் மூல வடிவிலே, ஒருவர் உயிருடன் இருந்திருப்பின் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூடியோர் ஏழாண்டுகள் ஏதும் கேள்விப்படாவிடின், அவர் உயிருடன் உள்ளார் என்பதை நிறுவும் பொறுப்பு அவ்வாறு கூறுவோரைச் சாரும் என்றது. மீமாஞ்சகர் வகுத்த நிபந்தனையே இங்கும் உளது: இருந்திருப்பின் அறியப்பட்டிருக்க வேண்டும். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டம், போர் முதலிய காரணங்களாற் காணாமற்போனோருக்கு இக்காலத்தை ஓராண்டாகக் குறைத்தது. சான்றிதழ் பெறுவது எளிதாயிற்று. ஆயின் இரகசியமாகத் தடுத்துவைக்கப்பட்டார் என்று அஞ்சப்படும் ஒருவர் உயிருடன் இருப்பினும் வீட்டாருக்குச் செய்தி அனுப்ப இயலாதே. அறை இருண்டது, காணாமை அங்கு சான்றன்று. குடும்பத்தினர் பலர் இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்தமைக்குத் துயரம் மாத்திரம் காரணமன்று. அவர்களுடைய தருக்கமும் சரியானதே.

2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணப்படாமைச் சான்றிதழ் என்னும் புதிய பத்திரத்தை அறிமுகம் செய்தது. இறந்தார் என்று கூறாமலே, சமூக நலன்களுக்கு விண்ணப்பிக்கவும் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அது குடும்பத்துக்கு வழி தருகின்றது. தருக்க மொழியிற் கூறின், இறந்தார் என்பதை முற்கோளாக வேண்டிநின்ற சில உரிமைகளுக்கு, நிலை அறியப்படாதவர் என்பதையே முற்கோளாகக் கொண்ட வேறு விதிகள் எழுதப்பட்டன. பொய்யான ஒரு முடிவை ஏற்றால்தான் உரிமை கிட்டும் என்ற நெருக்கடி ஓரளவு நீங்கியது.

பெயரறியாத ஒருவர்

உள்பொருளியல் விதிகளுள் வலிமை மிக்க ஒருவகை, பதிவில் இல்லாத ஒருவரின் இருப்பையே நிறுவுகின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு என்பது அத்தகைய விதி. பிறப்புப் பதிவிலே தாயின் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பினும் தாய் ஒருத்தி உளள் என்பது உறுதி. கணனி அவளுக்குப் பெயரில்லாத ஓர் அடையாளத்தை இட்டுக்கொண்டு அனுமானத்தைத் தொடரும். "இவருக்குத் தாய் உண்டா?" என்றால் "உண்டு" என்பது உறுதி விடை. "யார்?" என்றால் விடை இன்னும் இல்லை.

இவ்விடத்தே எமது மொழியின் இலக்கணமே ஒரு சான்று தருகின்றது. "காணாமற்போனோர்" என்பது தன்வினை. அதிலிருந்து செயல் செய்த வேறொருவரின் இருப்பை அனுமானிக்க இயலாது. கடலுக்குச் சென்று புயலிலே மறைந்தவரும் காணாமற்போனவரே. "காணாமலாக்கப்பட்டோர்" என்பதோ பிறவினையின் வழி வந்த சொல். காணாமலாக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் காணாமலாக்கியவர் ஒருவரேனும் உண்டு என்னும் விதியை அச்சொல் தன்னுள் அடக்கியுள்ளது. 2017 முதல் வடக்குக் கிழக்கின் வீதியோரங்களிலே தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார், தம் பிள்ளைகள் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் என்ற சொல்லையே வற்புறுத்தினர். சொல்லுக்கான வழக்காக இது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது ஓர் உள்பொருளியல் விதிக்கான வழக்கு. முதற் சொல்லால் ஆன தரவுத்தளத்தில் "பொறுப்பாளி உண்டா?" என்று வினவினால் விடை வராது. இரண்டாஞ் சொல்லால் ஆனதில், பெயர் அறியப்படாவிடினும், உண்டு என்னும் விடை உறுதியாக வரும். பெயரற்ற அவ்விடத்தை நிரப்புவதற்குப் பெயர்தான் விசாரணை.

இலங்கை 2016 இல் ஏற்று 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டுச் சட்டத்தில் இடமளித்த சருவதேச சமவாயம் இவ்வகையை வரையறுக்கும்போது, செய்தவர் அரசின் முகவர் அல்லது அரசின் அனுமதியோடோ ஆதரவோடோ இயங்கியவர் என்று கூறுகின்றது. அத்தகைய தொடர்பின்றிச் செய்தோரின் செயல்களையும் அரசு விசாரிக்க வேண்டும் என்பது அதன் மூன்றாம் உறுப்புரை. ஆகவே ஆயுத இயக்கங்கள் கடத்திச் சென்றோருக்கும் பொறுப்பாளி ஒருவர் உண்டென்னும் விதி பொருந்தும்; பொறுப்பாளியின் வகையே வேறுபடும். ஒரு சாராரின் துயரத்துக்கு மாத்திரம் பொருந்தும் விதி விதியாகாது.

கணனி விடை காணும் வழி

விதிகளைக் கொண்டு வினாவுக்கு விடை காண இரண்டு வழிகள் உள. முதலாவது, தரவிலிருந்து முன்னோக்கிச் செல்வது. விதிகள் அனைத்தையும் பதிவுகளின்மேல் மீண்டும் மீண்டும் ஏற்றிப் பிறக்கும் புதிய கூற்றுகளைச் சேர்த்துக்கொண்டே போய், புதிதாக ஏதும் பிறவாத நிலையில் வினாவைக் கேட்கலாம். இங்கு ஓர் இடையூறு உண்டு. ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு; தாயும் ஒருவர்; ஆகவே அவளுக்கும் தாய் உண்டு. பெயரற்ற தாய்மார் முடிவின்றிப் பெருகுவர், வேலை நிறைவுறாது.

இரண்டாவது, வினாவிலிருந்து பின்னோக்கிச் செல்வது. தரவைத் தொடாமல் வினாவையே விதிகளின் துணையால் விரித்தெழுதுவது இதன் முறை. "காணாமற்போனோர் யாவர்?" என்பது, "குடும்பத்தார் முறைப்பாட்டுப் பதிவில் உள்ளோர், அல்லது போர்க்களத்திற் காணாமற்போன படையினர் பதிவில் உள்ளோர், அல்லது வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பதிவில் உள்ளோர்" என விரியும். விரித்த வினாவைச் சாதாரணத் தரவுத்தளமே விடுவித்துவிடும். எல்லா விதிகளும் இவ்வாறு விரித்தற்கு இணங்கா. எவ்வடிவ விதிகள் இணங்கும் என்பதை இத்தாலியின் உரோம், பொல்சானோ நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2000களின் நடுப்பகுதியிலே ஆராய்ந்து டி.எல்.லைட் என்னும் எளிய தருக்கக் குடும்பத்தை அமைத்தனர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009 இல் வெளியிட்ட உள்பொருளியல் மொழியின் ஒரு பிரிவு இதனை அடியொற்றியது. விதியின் சொல்வளம் கூடக் கூட விடை காணும் செலவும் கூடும் என்பதும், சில எல்லைகளுக்கு அப்பால் எந்தக் கணனியாலும் முடிவு காண இயலாது என்பதும் இத்துறை நிறுவிய உண்மைகள்.

ஒருவரா, இருவரா?

இறுதியாக, பெயர் பற்றிய ஒரு கொள்கையையும் கூறவேண்டும். சாதாரணத் தரவுத்தளங்கள் வேறு பெயர் எனின் வேறு ஆள் என்று கொள்கின்றன. எமது சூழலில் இது பெரும் வழுக்களுக்கு இடந்தரும். ஒருவருடைய பெயர் தமிழில் ஒருவாறும், சிங்களப் படிவத்தில் மற்றொருவாறும், உரோமன் எழுத்திலே மூன்று நான்கு விதமாகவும் எழுதப்படும். தந்தை பெயர் ஒரு பதிவில் முழுமையாகவும் மற்றொன்றில் தலைப்பெழுத்தாகவும் வரும். மறுதலையாக, ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் ஒரே ஊரில் இருப்பர். காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகள் பல அமைப்புகளிடம் பல காலங்களிற் கொடுக்கப்பட்டவை. சருவதேச செஞ்சிலுவைக் குழு 2016 இல் வெளியிட்ட அறிக்கை, தன்னிடம் பதியப்பட்டோர் 16,000 பேருக்கு மேல் என்றது. 2013 இல் அமைக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவிடமும் பல்லாயிரம் முறைப்பாடுகள் சென்றன. ஒரு தாய் மூன்று இடங்களில் முறையிட்டிருப்பின், பெயர் வேறுபாட்டால் ஒருவர் மூவராகலாம். பெயரொற்றுமையால் இருவர் ஒருவராகி, ஒருவர் பட்டியலிலிருந்தே மறையலாம். பின்னைய வழு முன்னையதிலும் கொடியது. ஆகவே இருவரை ஒருவரெனக் கொள்வதற்கு வேண்டிய சான்று எது என்பதும் வெளிப்படையான விதியாக எழுதப்பட வேண்டும்.

விதியை எழுதுவோர்

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. பதிவேடு தானாகப் பேசுவதில்லை. விதியே அதனைப் பேசவைக்கின்றது. எவ்விதியும் எழுதப்படாத இடத்திலும் ஒரு விதி மறைந்து இயங்குகின்றது: பதிவில் இல்லாதது உலகில் இல்லை என்னும் விதி. அவ்விதி பதிவேட்டை வைத்திருப்போருக்கு வசதியானது. முத்துக்குளிப்பின் காலத்திலே உழைத்தவரினும் சிப்பி துல்லியமாக எண்ணப்பட்டது. வெளியேற்றப்பட்டோரின் ஊர் காடாக எண்ணப்பட்டது. கணக்கில் வராதோர் ஒருசாராரால் இறந்தோராகவும் மறுசாராரால் இல்லாதோராகவும் எண்ணப்பட்டனர். மூன்றிலும் மறைந்திருந்து இயங்கியது ஒரே விதி.

கணனியியல் இதற்கு நீதி வழங்கும் என்று நாம் கூறவில்லை. விதிகளை வெளிப்படையாக எழுதவைப்பதே அது செய்யக்கூடிய உதவி. எப்பதிவு எதற்கு முழுமையானது, எவ்வகை எதனுள் அடங்கும், எம்முடிவு உறுதி, எம்முடிவு ஊகம் என்பன வெளிப்படையாக எழுதப்பட்டால் அவற்றைக் குடும்பத்தாரும் சட்டத்தரணிகளும் ஆய்வாளரும் வாசித்து மறுக்கவும் திருத்தவும் இயலும். அலுவலகங்கள் தம் தரவுகளைக் கணனிமயமாக்கி வரும் இக்காலத்தில், எமது பல்கலைக்கழகங்களின் கணனித் துறையினரும் சட்டத் துறையினரும் தமிழறிஞரும் சேர்ந்து ஆற்றத்தக்க பணி இது. காணாமற்போதலையும் காணாமலாக்கப்படுதலையும், விட்டுச் செல்லலையும் வெளியேற்றப்படுதலையும் வேறுபடுத்த அறிந்த மொழி எம்மிடம் உண்டு. அவ்வேறுபாடுகள் அலுவலகப் படிவங்களிலும் இடம்பெறச் செய்தல் வேண்டும். பெயர்ப் பட்டியல்களை வெளியிடுக என்று குடும்பங்கள் கேட்டுவரும் கோரிக்கைக்குத் தருக்கவியல் தரும் ஆதரவும் இதுவே: பட்டியல் வெளிவராதவரை, "இல்லை" என்ற விடையை விடையென ஏற்பதற்கு எவருக்கும் நியாயமில்லை.